ஐயாவின் பெயரில் யுத்தத்துக்குப் போன எங்கள் அண்ணை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கடிதம் எழுதினால்கூடப் பிள்ளைகள் திருத்தித்தான் அனுப்புவார்கள். மருமகள் மகேஸ், அதாவது அண்ணையின் ஒரே மகள், "மாமி, அப்பாவோடை பிறந்து வளந்த ஆள் இப்ப நீங்கள் மட்டுந்தான், நீங்கள்தான் எழுதவேணும்" என்று கொப்பியையும் பேனையையும் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வந்தாலும், எழுத்துப் பிழை விட்டாலும் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணையின் முழுப்பெயர் இந்த நினைவு மலரின் முதற்பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு நாளும் அவரைப் பெயர் சொன்னதில்லை. இங்கேயும் அண்ணை என்றே எழுதுகிறேன்.

அண்ணை பிறந்தது கொக்குவிலில், ரெயில் பாதைக்கு மேற்கே எங்கள் பழைய வளவில். எங்கள் தகப்பனார் கந்தையாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். அவர் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். குடாநாட்டைத் தாண்டி, ஆனையிறவுக்கு அப்பால் ஒரு நாளும் போகாதவர். போகிறது சரி, திரும்பி வருவதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பார். அம்மா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டா. அதன்பிறகு எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது அண்ணைதான். ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், மற்றது தோளில் கிடக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அழுதுகொண்டு வந்து சொன்னால், "நாளைக்கு மற்றப் பக்கத்தை மேலை வைக்கிறன், சரியாப் போகும்" என்பார்.

வளர்ந்த பிறகு ஐயா அவரைக் கொட்டிலில் சுருட்டுச் சுற்ற இருத்தினார். ஒரு நாள் அண்ணை சுற்றியதைக் கையில் எடுத்துப் பார்த்து, வேலையாட்களுக்கு முன்னால், "இது சுருட்டோ, வெண்டிக்காயோ?" என்று கேட்டுவிட்டார். அண்ணை எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். போய் ரெயில் ஏறினார். அது வெள்ளைக்காரன் ஜேர்மன்காரனோடு சண்டை பிடித்த காலம். நாலு வருஷம் ஒரு கடிதமும் இல்லை. சண்டை முடிந்த பிறகு காக்கிக் களிசானோடும் ஒரு பெரிய கன்வஸ் பையோடும் படலையில் வந்து நின்றார். பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனதாகச் சொன்னார். ஐயா அவரை மேலும் கீழும் பார்த்து, "சாப்பிட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஐயா கனகாலம் இருக்கவில்லை.

அண்ணை நல்லூரில் கலியாணம் செய்தார். கொக்குவில் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை போட்டார். கடையில் இரண்டு பேர் வந்தாலும் ஒருவர் பின் ஒருவராக நிற்கவேண்டும். ஒருத்தர் மட்டும் வந்தாலும், "வரிசையிலை நில்லும்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்து ஒரு சதமும் வாங்கமாட்டார்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கதை கேட்க வருகிறவர்கள். பாலைவனத்தில் மணற்காற்று அடிக்கும்போது பக்கத்தில் நின்றவனுக்குச் சிகரெட் கொடுத்தாராம், காற்று நின்ற பிறகு பார்த்தால் அவன் எதிரிப் பட்டாளத்து இத்தாலிக்காரனாம். "பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால், "நெருப்பும் குடுத்தன்" என்பார். எல்லாக் கதைக்கும் மேலான கதை அவருடைய இடது புருவத்துத் தழும்பு. குண்டு வெடித்துச் சிதறிய துண்டு பட்டதென்று சொல்லி, கேட்கிறவரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டுவார். நான் அங்கே நின்றாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்குப் பிறத்தியாருக்கு முன்னால் வாய் வராது.

குசினிப் பக்கம் மட்டும் அவர் வரமாட்டார். மச்சாள், அண்ணையின் மனைவி, காய்ச்சலோடு கிடந்தாலும், "எனக்கு அடுப்பு மூட்டவும் தெரியாதப்பா, பட்டாளத்திலை எல்லாம் ஆக்கித் தாறவங்கள்" என்பார். நான்தான் போய்ச் சமைத்துக் கொடுப்பேன்.

இனித்தான் கலியாணப் பேச்சுக்கு வருகிறேன். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம், மகேசுக்கு அளவெட்டியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மகேசுக்குச் செவ்வாய்க் குற்றம். சாதகம் பொருந்தி வருவதே அருமை. இது பொருந்தியது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், பின்னேரத்தில் நல்லூரில் ரியூசனும் கொடுப்பார். மகேஸ் ஒன்றும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், கோயிலுக்கு அந்த ரியூசன் ஒழுங்கையால்தான் போய்வந்தாள்.

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. விசாரிக்க வந்தவர் அவருடைய பெரியப்பா. ஓய்வு பெற்ற பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகாரர். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் பொருந்துது. சாதகம் பொருந்துது, குடும்பம் பொருந்துது. ஒரு நாலு வருஷம்தான் பொருந்தேல்லை."

"என்ன நாலு வருஷம்?" என்று அண்ணை கேட்டார்.

"நீர் ஊரிலை இல்லாத நாலு வருஷம். நீர் எகிப்து எண்டுறீர். எங்கடை ஊரிலை ஒருத்தர், நீர் அந்த நாளிலை மலைநாட்டிலை, பண்டாரவளையிலை தேத்தண்ணிக் கடை வைச்சிருந்தனீர், உமக்கு அங்கை ஒரு குடும்பமும் இருந்தது எண்டுறார்."

குசினிக்குள் மச்சாள் தேங்காய் துருவிய சத்தம் நின்றது.

அண்ணை எழும்பிப் போய் அலுமாரிக்குள் இருந்த பட்டாளத்து மெடலைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உதிலை பேர் எங்கை?"

"வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்ததிலை பேர் வெட்டேல்லை."

"அப்ப உதை ஆரும் வைச்சிருக்கலாம். பட்டாளத்தாலை விட்டதுக்குப் பத்திரம்?"

"கறையான் திண்டிட்டுது."

"அப்ப உண்மை கறையானுக்குத்தான் தெரியும்." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவிக்காதையும். என்ரை தொழில் அப்பிடி. பிள்ளை முன்னாலை நிண்டு கத்தினாலும் பத்திரம் இல்லாட்டி அது பிறக்கேல்லை."

அண்ணை தழும்பைக் காட்டினார். இரண்டாம் வருஷம், பாலைவனத்தில், குண்டு என்று முழுக்கதையும் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீமையில் பட்டாளப் பதிவுகள் இருக்குமே, எடுத்துக் காட்டினால் அடுத்த நாளே நாள் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

அப்போது என் மூத்த மகன் லண்டனுக்குப் போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அவனுக்கு எழுதினோம். அவன் பட்டாளப் பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கேட்டான். பிறத்தியாருக்குச் சொல்லமாட்டோம், ஆள் உயிரோடு இருந்தால் அந்த ஆளே கையெழுத்து வைத்துக் கேட்கவேண்டும், இறந்திருந்தால் மரணப் பத்திரத்தோடு கிட்டிய உறவு கேட்கலாம் என்று பதில் வந்தது.

"நல்ல சட்டம்" என்றார் அண்ணை. "இருந்தால் எனக்குச் சொல்லுவாங்கள், செத்தால் மனிசிக்குச் சொல்லுவாங்கள். உந்தப் பெரியவருக்கு ஒரு நாளும் சொல்லமாட்டாங்கள்."

"எனக்கு அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லட்டும்" என்றா மச்சாள். ஆனால் அந்தப் பண்டாரவளைக் கதை வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போடும்போது கோப்பையைச் சத்தமாகத்தான் வைத்தா.

மகன் விண்ணப்பப் பத்திரம் அனுப்பினான். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு இடம், சொந்தப் பெயர் என்று ஒரு இடம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டுத் தன் பெயரைப் பின்னுக்குப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அண்ணை தன்னைக் கூப்பிடுகிற பெயர்தான் முக்கியமானது என்று, அதைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அப்படி ஒரு ஆள் தங்கள் பட்டாளத்தில் இருந்ததற்குப் பதிவு இல்லையாம்.

பெரியவருக்கும் இது தெரியவந்தது. பிறகு அளவெட்டியில் இருந்து ஒருத்தரும் வரவில்லை. மகேஸ் கோயிலுக்கு வேறு ஒழுங்கையால் போகத் தொடங்கினாள். அண்ணை கதை சொல்வதை விட்டுவிட்டார். கடையில் வரிசையும் குலைந்தது. ஆட்கள் கண்டபடி நின்றார்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எகிப்துக்குப் போகவே இல்லையோ என்று ஒரு நாள் எனக்கும் தோன்றியது. தோன்றியதற்காக அன்று விரதம் இருந்தேன்.

அந்த நேரம்தான் மகனின் கடிதம் வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, இஞ்சை என்னை ஒருத்தரும் என்ரை பேரிலை கூப்பிடுறேல்லை. அப்பாவின்ரை பேரிலைதான் கூப்பிடுறாங்கள். மிஸ்டர் சுப்பிரமணியம், கோப்பை கழுவியாச்சோ எண்டு முதலாளி கேக்கேக்கை, அப்பாவை ஏன் ஏசுறான் எண்டு கோவம் வருகுது. மாமாவையும் பட்டாளத்திலை இப்பிடித்தான் பதிஞ்சிருப்பாங்கள். கந்தையா அப்புவின்ரை பேரைக் குடும்பப் பேர் எண்டு போட்டு அனுப்பச் சொல்லுங்கோ."

என் கணவர் வாழ்ந்த காலத்தில் ஒரு கோப்பை கழுவியதில்லை. செத்த பிறகு லண்டனில் கழுவுகிறார் என்று நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடிதத்தைக் கொண்டுபோய் அண்ணையிடம் வாசித்துக் காட்டினேன்.

அண்ணை கடிதத்தை வாங்கித் தானும் ஒருக்கால் வாசித்தார். பிறகு, "ஓம், அங்கை என்னைக் கந்தையா எண்டுதான் கத்துவாங்கள்" என்றார். "முதல் ஒரு கிழமை நான் திரும்பியே பார்க்கேல்லை. ஐயா இஞ்சையும் வந்திட்டாரோ எண்டு பயந்தனான்."

"அண்ணை, அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"ஐயாவோடை கோவிச்சுக்கொண்டு போய், நாலு வருஷமும் ஐயாவின்ரை பேரிலையே இருந்தனான் எண்டு ஆருக்குச் சொல்லுறது, பிள்ளை?"

மறுபடி எழுதி அனுப்பினோம். இந்த முறை தடித்த உறை வந்தது. உறையை உடைக்காமல் தனக்கு முன்னால் திறக்கவேண்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். அவர் வரும்வரை அது அலுமாரிக்கு மேலே இருந்தது. அண்ணை சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால், அலுமாரியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். "முழுக்க வாசிக்கவேணுமோ? சேந்த நாளும் விட்ட நாளும் காணாதோ?" என்று என்னைக் கேட்டார். மச்சாள் அதைக் கேட்டுவிட்டு இன்னும் சத்தமாகக் கோப்பை வைத்தா.

பெரியவர் வந்தார். வந்து கதிரையில் அமர்ந்து, உறையைக் கத்தியால் வெட்டி, இங்கிலீசை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். நானும் மச்சாளும் மகேசும் குசினித் திரைக்குப் பின்னால் நின்றோம். "கந்தையா. யாழ்ப்பாணம். எகிப்திலை இருந்திருக்கிறார், பிறகு இத்தாலி. நடத்தை மிக நல்லது." அண்ணை நிமிர்ந்து இருந்தார். பெரியவர் அடுத்த தாளைத் திருப்பினார். "வேலை, சமையற்காரன்."

திரைக்குப் பின்னால் இருந்து மச்சாள், "என்னவாம்? அதைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கோ" என்றா.

"ஒரு பட்டாளக் கொம்பனி முழுக்கவுக்கும் சமைச்சவராம் அம்மா. நல்ல சமையற்காரன் எண்டு ஒரு குறிப்பும் இருக்கு."

"அடுப்பு மூட்டத் தெரியாதாம்" என்றா மச்சாள், ஒருத்தருக்கும் சொல்லாமல், கூரையைப் பார்த்து. "மகேஸ் பிறந்த மூண்டாம் நாள் நான் எழும்பிக் கறி வைச்சனான்."

அண்ணை நிலத்தைப் பார்த்தார். பெரியவர் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி" என்றார். "ஆனால் உந்தக் கந்தையா நீர்தான் எண்டு எப்பிடி நம்புறது? சொந்தப் பேருக்கு முதலெழுத்து மட்டுந்தான் கிடக்கு, இஞ்சை ஒழுங்கைக்கு ஒரு கந்தையா. அவையின்ரை பிள்ளையளும் கந்தையா எண்டுதான் பதிஞ்சிருக்கும்." பிறகு கடைசித் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "பொறுங்கோ. உடல் அடையாளம் இருக்கு. இடது புருவத்திலை பழைய தழும்பு."

எல்லாரும் அண்ணையின் புருவத்தைப் பார்த்தோம். மகேஸ் என் கையைப் பிடித்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பெரியவர் விரலை உயர்த்தினார். "உது சேந்த அண்டைக்கு டொக்டர் பார்த்து எழுதினது. இவர் எனக்குச் சொன்னது, இரண்டாம் வருஷம் குண்டு பட்டதெண்டு. சேரேக்கையே தழும்பு இருந்த கந்தையா வேறை ஆள். இவரில்லை."

அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஒரு சொல் சொன்னால் மகளின் கலியாணம் நடக்கும். அந்தச் சொல்லைச் சொன்னால் நாற்பது வருஷமாக ஊர் முழுக்கத் தொட்டுப் பார்த்த தழும்பு போய்விடும். சொல்லத்தான் நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. திரையைப் பார்த்தார்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. மச்சாள் பின்னால் இருந்து தள்ளினா என்று மகேஸ் சொல்கிறாள், தள்ளவில்லை என்று மச்சாள் சொல்கிறா.

"அது துலா அடிச்சது" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆர்?"

"தங்கச்சி."

"என்ன துலா?"

"எங்கடை கிணத்திலை தண்ணி அள்ளுற துலா. பெரிய ஆக்கள் மாதிரித் துலாவிலை ஏறி நடந்து காட்டுறன் எண்டு ஏறினவர். விழுந்தவர். விழ, துலா திரும்பி வந்து புருவத்திலை அடிச்சது. பள்ளிக்கூடம் போற காலம். சிலந்தி வலையும் கோப்பித் தூளும் வைச்சுக் கட்டினது. அழுதவர்."

"இவ்வளவு நாளும் ஏனம்மா உதைச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

பெரியவர் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார். "சரி. குண்டு பொய். எகிப்து மெய். தேத்தண்ணிக் கடை பொய்" என்று ஒவ்வொன்றாகப் பதிகிறவர்போலச் சொன்னார். "உவருக்கு வேறை குடும்பம் இருந்திருந்தால், பொய்யெல்லாம் இதைவிடத் திறமா இருந்திருக்கும். நாள் பாருங்கோ."

ஆவணியில் கலியாணம் நடந்தது. அண்ணை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு படலையில் வந்து நின்று, "துலா எண்டு சொன்னதிலை எனக்குக் கோவமில்லை. அழுததை ஏன் சொன்னனீ?" என்று கேட்டார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்று சொல்லிப் போனார். அதிலிருந்து பழையபடி.

மச்சாள் அவரைச் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி அவருடையது. கை பழையதை மறக்கவில்லை, அளவையும் மறக்கவில்லை. ஒரு கொம்பனிக்குப் போடுகிற உப்பைத்தான் போடுவார். நாங்கள் திங்கட்கிழமை முழுக்கத் தண்ணீர் குடிப்போம். பிறகு சண்டைகள் வந்து, ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தபோது, பெரிய கிடாரம் வைத்து அண்ணை சமைத்தார். மண்ணெண்ணெய் இல்லை, விறகு ஈரம், பருப்பு அரை மூடை. அப்போதுதான் அவருடைய உப்புச் சரியாக வந்தது. அகப்பையோடு நின்று, "வரிசையிலை நில்லுங்கோ" என்றார். நின்றார்கள். ஒரு நாள் அளவெட்டிச் சனத்தோடு பெரியவரும் தட்டோடு வந்து நின்றார். அண்ணை அகப்பையை நிறுத்தி, "பேர் என்ன? பத்திரம் இருக்கோ?" என்று கேட்டார். "பத்திரமெல்லாம் வீட்டோடை போச்சுது" என்றார் பெரியவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பெரியவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்திருந்தார். இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

கடைசி வருஷம் அண்ணைக்கு நெஞ்சில் சளி. மருந்து தட்டுப்பாடு. படுக்கையில் இருந்தபடி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அவர்களின் விரலைப் பிடித்துத் தழும்பில் வைத்து, குண்டு என்றார். சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உண்மையோ பாட்டி?" என்று கேட்டாள். "ஓம், குண்டுதான்" என்றேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், ஆனால் நித்திரை இல்லை. அந்தப் பங்குனியில் போய்விட்டார்.

இப்போது லண்டனில் இருந்து மகன் எழுதியிருக்கிறான். மரணப் பத்திரம் அனுப்பினால் மச்சாள் கேட்டு முழுப் பதிவையும் எடுக்கலாமாம். முதல் தந்தது சுருக்கந்தானாம். மச்சாள் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டா. "இனி அதிலை என்ன வந்தாலும் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்றா.

அண்ணை வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தபோது மருந்து தேடிச் சைக்கிளில் அலைந்த அயலவர்களுக்கும், கையிலிருந்த மருந்தைப் பங்கிட்டுத் தந்த டொக்டருக்கும், ஷெல் அடியிலும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு அரிசியும் மரக்கறியும் தந்தவர்களுக்கும், வர வழியில்லாமல் தூரத்தில் இருந்து அழுதவர்களுக்கும், தாள் இல்லாத காலத்தில் கொப்பித் தாளில் என்றாலும் இந்த மலரை அடித்துத் தருகிற அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் எழுதியதில் மாதம், வருஷம், ஊர்ப்பெயர் மாறியிருக்கும். அச்சுக்குப் போகமுன் பெரியவரிடம் கொடுத்து ஒரு தரம் சரிபார்க்கச் சொல்லுங்கோ. அவர் எதற்கும் சாட்சி கேட்பார், என்னிடம் அனுப்பலாம். பேரப்பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர்கள் துலா வருகிற இடத்தை விட்டுவிட்டு வாசிக்கவேண்டும். மூத்தவன் இப்போது எழுத்துக்கூட்டித் தானே வாசிக்கிறான். அவன் கண்டுபிடித்துக் கேட்டால், அந்த இடத்தில் பாட்டிக்கு மறதி என்று சொல்லுங்கோ.